நடந்து போன எல்லைக் கல்

கப்பலில் ஒருவர் இறந்துபோனால் கேப்டன் முதலில் செய்ய வேண்டியது அழுவது அல்ல, மணி பார்ப்பது. பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகு காரணம், இரண்டு சாட்சிகள், கையெழுத்து. அந்த நேரத்தில் கேப்டன்தான் அங்கே போலீஸ், தாசில்தார், டாக்டர், தேவைப்பட்டால் புரோகிதரும். என் பணிக்காலத்தில் நான்கு மரணங்களை இப்படி எழுதியிருக்கிறேன். நான்கு முறையும் நடுக்கடல்தான். ஒரு முறைகூட யாரும் வந்து, "இந்த அலை எங்கள் லிமிட்டில் இல்லை" என்று சொன்னதில்லை. அதைக் காதால் கேட்பதற்கு நான் ஓய்வு பெற்று, கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓசூருக்குக் குடிவர வேண்டியிருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. என் நெஞ்சில் ஈரம் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். குளிர்ந்த, காய்ந்த ஊராகப் பாருங்கள் என்றார். தொழிற்பேட்டையின் புகையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வீடு வாங்கிய தெருவில் ஷிப்ட் சங்கு ஊதும்போது சோறு வைப்பார்கள், சங்கு ஊதும்போது கடிகாரம் திருத்துவார்கள். குழாயடிச் சண்டை தமிழில் தொடங்கி, தெலுங்கில் சூடேறி, கன்னடத்தில் சமாதானமாகும். என்னைப் பார்த்ததும் அந்தக் குழாயடியில்தான் பேர் வைத்தார்கள்: "கடலே இல்லாத ஊருக்குக் கேப்டன் வந்துக்கீறாரு."

அந்தப் பேரை என்னிடம் வந்து சிரிக்காமல் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற சர்வேயர். மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக் கற்களை நட்ட குழுவில் இளவயதில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் காட்டிலும் கரட்டிலும் நிற்கும் கற்களில் பலவற்றின் குழி ஆழம்கூட அவருக்கு மனப்பாடம்.

"நீங்க தண்ணில கோடு போட்டவரு, நான் மண்ணுல போட்டேன்" என்றார் முதல் நாளே. "ரெண்டையும் எவனும் மதிக்கலீங்க கேப்டன்."

அப்படித்தான் பழகினோம். ஞாயிறு காலை அவர் என் வீட்டுக்கு வருவார். நான் ரம் வேண்டுமா என்பேன். அவர் மோர் போதும் என்பார். எட்டு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அந்தப் பதில் மாறவில்லை. நான் கேட்பதையும் நிறுத்தவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

கப்பலிலிருந்து நான் இரண்டு பொருள்கள்தான் கொண்டுவந்தேன். ஒன்று, கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி. இன்னொன்று, எதையும் தினமும் லாக் புத்தகத்தில் எழுதும் வியாதி. ஒரே புத்தகத்தில் எழுதியது எழுதாததற்குச் சமம் என்பது கப்பல் சட்டம். சர்வேயருக்கும் அது பிடித்துவிட்டது. தன் அளவுக் குறிப்பேட்டில் எழுதியதை ஞாயிறுதோறும் என் லாக் புத்தகத்திலும் ஒரு நகல் எழுதிவைத்துவிட்டுப் போவார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் என்னுடையது கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

ஒரு கல்லை நட்டால் அதைச் சுற்றி அசையாத மூன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார். மலை உச்சி, பெரும்பாறை, இப்படி மூன்று. கல்லின் மேல் நின்று முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு கோணம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு கோணம். "அசையாத மூணப் புடிச்சிக்கினா, அசஞ்சது எதுன்னு கண்டுபுடிச்சிடலாம்." நாங்கள் கரையோரத்தில் கப்பலின் இடத்தைக் குறிப்பதும் இதே முறையில்தான். இதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷம், சொந்தக்காரர் கிடைத்த சந்தோஷம்.

இனி குவாரி. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், எல்லையை ஒட்டி, கருங்கல் வெட்டும் பள்ளம் ஒன்று இருந்தது. கல் வெளிநாடு போகும் கல். உரிமம் கர்நாடகப் பக்கம். பள்ளம் மட்டும் மாதாமாதம் தெற்கே நகர்ந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. குத்தகைக்காரர்கள் இரண்டு பேர்; இந்த மாநிலத்து அரசியல்வாதி ஒருவருக்கு மைத்துனர் ஒருவர், அந்த மாநிலத்து அரசியல்வாதிக்குத் தம்பி மற்றவர். அரசியல்வாதிகள் இருவரும் மேடையில் எல்லைக்காக உயிரை விடத் தயாராக இருந்தார்கள். "ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம்" என்று இரண்டு மொழியிலும் சுவரொட்டி ஒட்டினார்கள். இரண்டும் ஓசூரில் ஒரே அச்சகத்தில் அடித்தவை. சிவப்பு மையில் ஒரே இடத்தில் ஒரே தீற்றல் விழுந்திருந்ததை நான் நின்று பார்த்தேன். கீழே குவாரியில் மண்ணைப் பிடி கணக்கில் அல்ல, லாரி கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வேயர் மனு எழுதினார். பள்ளம் எல்லையைத் தாண்டிவிட்டது, எல்லைக் கல் இப்போது பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது, இன்னும் ஒரு வெடி வைத்தால் கல்லும் போய்விடும் என்று. இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து வந்து அளந்து பார்க்க நாள் குறித்தார்கள். அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, கல்லை ஒரு முறை சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானப் பஸ்ஸில் தனியாகப் போனார். மறுநாள் காலை பள்ளத்தின் அடியில் கிடந்தார். பக்கத்தில் ஒரு சாராயப் பாட்டில்.

அன்று என் லாக் புத்தகத்தைத் திறந்து, பழக்கத்தின்படி எழுத உட்கார்ந்தேன். நண்பர் மரணம் என்று எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. தெரியாத இடத்தை நான் எழுதுவதில்லை.

குவாரி மேனேஜர்தான் தகவல் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு. எல்லைக் கல் பள்ளத்துக்குத் தெற்கே நின்றது. ஆகவே பள்ளம் முழுவதும் கர்நாடகம், ஆகவே பிணமும் கர்நாடகம். அவர்கள் பரிசோதனை செய்து உடலைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் சர்வேயர் வீட்டு வாசலில் ஒரு காகிதத்தோடு நின்றார். மது அருந்திய நிலையில் கால் தவறி விழுந்து மரணம். மனைவி கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் மனைவி தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இத நான் வாங்க மாட்டேன்" என்றார்.

"வாங்காட்டியும் இது இதாம்மா" என்றார் போலீஸ்காரர்.

"அப்ப நீங்களே வச்சிக்கோங்க. குடிச்சிட்டு விழுந்தவரு எங்க வீட்ல யாரும் இல்ல. வேற எவரு வீட்டுதோ மாறி வந்துடிச்சி."

நான் அந்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படித்தேன். வயிற்றில் இருந்ததை ரசாயன ஆய்வுக்கு அனுப்பவில்லை. உடையில் சாராய வாடை என்று எழுதி, அதை வைத்தே முடிவுக்கு வந்திருந்தார்கள். அதாவது சட்டை குடித்திருந்தது, சர்வேயர் குடிக்கவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அளவுக் குறிப்பேடு, கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் இல்லை.

எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார்.

"சார், கல்லு எங்க நிக்குது? தெக்க. அப்ப பாடி யாருது? அவங்களுது. எங்க லிமிட் இல்ல சார்."

அந்தப் பக்கத்து நிலையத்துக்கும் போனேன். அங்கேயும் நாற்காலி போட்டார்கள், காபியும் கொடுத்தார்கள். "ஆய்த்து சார், க்ளோஸ் மாட்பிட்டிதீவி" என்றார் அங்கிருந்தவர். முடிந்தது, மூடிவிட்டோம். இரண்டு மாநிலங்களும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி எங்கள் இன்ஸ்பெக்டரிடமே வந்தேன். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்பது சந்தேகமாக இருந்தால் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது, பிரிவு நூற்று எழுபத்தெட்டு, என்றேன்.

"கப்பல்ல லா புக்கெல்லாம் படிப்பீங்களா சார்?"

"அங்கே வேறு வேலை இல்லை."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், சந்தேகம் இருந்தாத்தானே அந்தப் பிரிவு? கல்லு நின்னுக்குனு இருக்குது. சந்தேகத்தக் கொண்டாங்க, பாக்கறேன்."

அது நியாயமான பேச்சு. நடைமுறை தெரிந்தவன் நடைமுறைக்குக் கட்டுப்பட்டவனும்தான். வீட்டுக்கு வந்து லாக் புத்தகத்தைப் புரட்டினேன். சர்வேயரின் அச்செழுத்தில் அந்தக் கல் இருந்தது. கிழக்கே ஒரு குன்றின் உச்சி, நடுவில் மிக அருகே பிளந்த பாறை ஒன்று, மேற்கே யானை முதுகு மாதிரி ஒரு மலை. இரண்டு கோணங்கள். அவருடைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த நகலைப் பற்றித் தெரிய வழியில்லை.

காரியம் முடிந்த மறுநாள், அதாவது பன்னிரண்டாம் நாள், செக்ஸ்டன்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சர்வேயர் வீட்டு வாசலில் அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய அண்ணி கத்திக்கொண்டிருந்தார்: "காரியம் முடிஞ்ச மறுநாளே வாசலத் தாண்டுவியாடி? ஊரு என்னா பேசும்?"

"பேசட்டும். அவரு முடிஞ்ச எடத்த நான் இன்னும் பாக்கலயே."

என்னைப் பார்த்து, "பஸ்ஸு எத்தன மணிக்குங்க அண்ணா?" என்றார். நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். கப்பலில் நாற்பது பேருக்கு உத்தரவு போட்டவனுக்கு எங்கே உத்தரவு போடக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை வரை பஸ், பிறகு இன்னொரு பஸ், பிறகு ஒன்றரை மணி நேரம் நடை. அன்றும் மறுநாளும் குவாரிக்கு விடுமுறை. கல் நின்றது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் கல்லின் அருகே நின்று, செக்ஸ்டன்டைப் படுக்கைவசமாகப் பிடித்துக் குன்றுக்கும் பாறைக்கும் கோணம் எடுத்தேன். நாலு பாகை தப்பு. மறுபடி எடுத்தேன். மறுபடியும் நாலு பாகை. பாறைக்கும் மலைக்கும் எடுத்தேன். அதுவும் தப்பு. சர்வேயர் நாலு பாகை தப்புச் செய்கிற ஆள் இல்லை. பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை, அதில் நாலு தப்பினாலே அன்று இரவு சாப்பிடமாட்டார்.

இரண்டு கோணமும் எங்கே பொருந்துகிறதோ அங்கேதான் கல் இருந்திருக்க வேண்டும். கண்ணில் கருவியை வைத்துக்கொண்டு, வடமேற்காக அடி அடியாக நகர்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கிழவனுக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும். நாற்பத்தேழாவது அடியில் இரண்டும் பொருந்தின. காலடியில் பார்த்தேன். பள்ளத்தின் மேற்கு விளிம்பு. ஜல்லித்தூளைக் கொட்டிப் பரப்பி மூடியிருந்த மண் காலை வைத்ததும் அமுங்கியது. கல் அங்கே இருந்திருந்தால், பள்ளத்தின் தெற்குப் பாதியும், சர்வேயர் விழுந்து கிடந்த மூலையும் எங்கள் பக்கம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மணி நேர வேலை. இதை அந்த அம்மாவிடம் விளக்கலாம் என்று திரும்பி நடந்தேன். அவர் கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, இந்தக் கல்ல நட்டுப் பத்து நாளு தான் ஆவுது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

அவர் விரலால் காட்டினார். கல்லின் அடியைச் சுற்றி வட்டமாகப் பச்சை. நானும் பார்த்திருந்தேன், புல் என்று நினைத்து அதன் மேல் நின்றுதான் கோணம் எடுத்திருந்தேன்.

"இது பச்சப்பயிறு. இது உளுந்து. இது கொள்ளு, இது மொச்ச. இந்தா, நெல்லு. இது எள்ளு, இப்பத்தான் எலவிடுது. நவதானியம் போட்டுப் பாலு ஊத்தி நட்டுக்கீறாங்க. புதுசா நட்டாத்தான் இப்படிச் செய்வாங்க. ஆன மிதிச்ச கொல்லயிலயே எது எந்தப் பயிருன்னு சொல்லுவேன் நானு. இது தெரியாதா?"

எங்கள் பக்கம் வீட்டுக்கு நிலை வைத்தாலும், பந்தக்கால் நட்டாலும், சாமிக் கல் நட்டாலும் குழியில் நவதானியம் போடாமல் யாரும் நடமாட்டார்கள். எல்லைக் கல்லும் அவர்களுக்குச் சாமிக் கல்தான். மஞ்சள் பூசாத எல்லைக் கல்லை அங்கே பார்க்க முடியாது. பிணத்தை அடுத்த மாநிலத்தில் சேர்க்கக் கல்லை நகர்த்தச் சொன்னவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எந்தக் காவல் நிலையம், எந்த அறிக்கை, எவ்வளவு தூரம். கல்லைத் தூக்கிய கைகள் யாருடையவை என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. மழையையும் யோசிக்கவில்லை.

செக்ஸ்டன்டைப் பெட்டியில் வைத்தேன். ஜெர்மன் கருவி, ஒரு மணி நேரம். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம்.

அவர் ஒரு நாற்றைப் பிடுங்கப் போனார். "கை வைக்காதீர்கள்" என்றேன். கப்பல் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் கையை இழுத்துக்கொண்டார். சாட்சியை இடத்தை விட்டு எடுத்தால் அது சாட்சி இல்லை, வெறும் கீரை. மறுநாள் ஓசூரிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, அளவுகோலும் அன்றைய செய்தித்தாளும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் செய்தேன். ஸ்டுடியோக்காரர் கல்யாணம் எடுக்கிறவர். "கொஞ்சம் சிரிச்ச மாரி இருந்தா நல்லா இருக்கும்" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். படங்களையும் லாக் புத்தகப் பக்கத்தின் நகலையும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகைச் சீட்டோடு. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பலாம் என்பதும் சட்டம்தான். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நகலை நேரில் கொடுத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன சார், கொள்ளா?"

"சந்தேகம் கேட்டீர்களே, அது."

கூட்டு அளவை குறித்த நாளிலேயே நடந்தது. இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பந்தலின் நிழலில் மற்ற மாநிலம் நிற்காது. எங்கள் இன்ஸ்பெக்டர் வெயிலில் நின்றார். குவாரித் தொழிலாளர்கள் தூரத்தில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் எல்லோருக்கும் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மைத்துனரும் தம்பியும் வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் நிகழ்ச்சிக்கு வருவதில்லை.

நான் லாக் புத்தகத்தைக் கொடுத்தேன், கோணங்களைச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார்.

"கப்பல் ஓட்டினவரு கருவிங்க சார் இது. இங்க எங்கங்க கடலு? கல்லு வெள்ளக்காரன் காலத்திலருந்து இங்கயேதான் நிக்குது."

"அப்போ இது என்னாங்க?" என்றார் சர்வேயர் மனைவி. முளைகள் இப்போது ஒரு சாண் உயரம் வளர்ந்திருந்தன.

மேனேஜர் குனிந்து பார்த்தார். முதல் முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "குருவி கிருவி போட்டிருக்கும்மா."

"ஒம்பது தானியத்தயும் எண்ணித் தின்னுட்டு, கல்லச் சுத்தி வட்டமா வந்து போடற குருவி உங்க ஊர்ல இருக்குதா? இருந்தா ஒண்ணு குடுங்க, எங்க கொல்லைக்கு வேணும்."

கர்நாடகப் பந்தலில்தான் முதலில் சிரித்தார்கள்.

சர்வேயர் மனைவி தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார். வயதான கல்லுடைப்பவர் ஒருவர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். எப்படித் தெரிந்ததோ, நேராக அவரிடம் போனார். "அண்ணா, நீங்கதான் நட்டீங்களா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நட்டது தப்பு இல்லண்ணா. மொறயாத்தான் நட்டுக்கீறீங்க. யாரு நடச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மேனேஜர், "டேய், எந்திரிச்சிப் போடா வேலைக்கு" என்றார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு. அதிகாரிகள் இருபது பேர் எதிரில் ஒரு சாட்சியை விரட்டக் கூடாது. எங்கள் இன்ஸ்பெக்டர் வெயிலிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தார்.

கல்லுடைப்பவர் எழுந்தார். போகவில்லை.

"வெறும் குழில எப்பிடிம்மா நடறது?" என்றார். "சாமி கண்ணக் குத்தாதா? எங்க வூட்லருந்துதான் தானியம் எடுத்தாந்தேன். பாலு டீக்கடைல வாங்கினேன்." மேனேஜரைக் கை காட்டினார். "விடியறப்போ கூப்ட்டாரு. சர்வேயரு சாரு கீழ கெடக்கறாரும்மா, நான் பாத்தேன். போலீசுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். மொதல்ல கல்லப் புடுங்கி அங்க நடு, அப்புறம் சொல்லலாம்னாரு. பாட்லு நான் பாக்கறப்போ இல்ல. நட்டுட்டு வந்து பாக்கறேன், பக்கத்துல கீது."

அவர் தொடர்ந்தார். முன்தினம் சாயங்காலம் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் சர்வேயரோடு விளிம்பில் நின்று சத்தம் போட்டதையும், சர்வேயர் குறிப்பேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். தள்ளியதைப் பார்க்கவில்லை என்றார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. படித்தவர்கள் பலர் கோர்ட்டில் கடைப்பிடிக்காத ஒழுங்கு அது.

அளந்தார்கள். கர்நாடகத்துத் தலைமை சர்வேயர் கண்ணாடி போட்ட, கடுகடுத்த மனிதர். கோணம் அளக்கும் தியோடலைட்டை அவரே பார்த்தார். தங்கள் அலுவலகத்துப் பழைய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் குறித்தார். கடைசியில் விளிம்பில் வந்து முளைக்குச்சி அடித்தார். நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் என் முழங்கை நீளம். சர்வேயரின் அளவுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. ஜல்லித்தூளைத் தள்ளித் தோண்டச் சொன்னார்கள். கல் வடிவத்திலேயே குழி இருந்தது.

"கல்லு பழசு சார். அது இப்ப நிக்கற குழிதான் புதுசு" என்றார் கர்நாடகத்துக்காரர் தமிழில். லாக் புத்தகத்தில் என் நண்பரின் பக்கத்தைத் திறந்து, பேனாவால் அல்ல, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். "யாரு இவரு? இந்த மாதிரி ஃபீல்டு புக் எழுதறவங்க எங்க டிபார்ட்மென்டுல இல்ல." தன் மாநிலத்துக்குப் பாதிப் பள்ளம் குறையும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கொலை வழக்குப் பதிவானது. மேனேஜரும் அந்த இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள். மைத்துனர் வேறு ஊரில் வேறு குவாரி எடுத்தார். தம்பி தேர்தலில் நின்றார். என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "ஓசூரில் கடல் இருக்கிறதா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லை, கோணம் இருக்கிறது என்றேன். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்க என்று நான் நம்புகிறேன்.

கல்லைப் பழைய இடத்தில் நட்டபோது அதே கல்லுடைப்பவர்தான் நட்டார். இந்த முறை நவதானியம் சர்வேயர் மனைவி கொண்டுவந்தது. அதிகாரி ஒருவர், இது அரசாங்க வேலை, இதெல்லாம் தேவையா என்றார். கல்லுடைப்பவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அதிகாரி சரி போடுங்கள் என்றார்.

சில மாதங்கள் கழித்து அதே வாசலுக்கு வேறொரு போலீஸ்காரர் வந்தார், புதிய காகிதத்தோடு. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் சத்தமாகப் படித்தேன். மரணத்தின் காரணம். இடம்: எங்கள் மாவட்டம், எங்கள் தாலுகா, கிராமம், புல எண்.

"குடின்னு எங்கயாவது இருக்குதா?"

"இல்லை."

"மறுபடி ஒரு தடவ படிங்க."

படித்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "உங்க பொஸ்தகத்துலயும் எழுதிடுங்க அண்ணா, அவரு காலியா விட்டா ஒத்துக்க மாட்டாரு" என்றார்.

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் லாக் புத்தகத்தை எடுத்துவந்தேன். இடம் என்ற கட்டத்தில் கிழக்குக் குன்று, பிளந்த பாறை, யானை முதுகு மலை, இரண்டு கோணம் என்று எழுதி நீட்டினேன். அந்த அம்மா வாங்கி, பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் சர்வேயரின் எழுத்து வரிசையாக நின்றது.

"கணக்கு சரிதான்" என்றார். "எழுத்துதான் அவரு கால் தூசிக்கு வராது."